எண்ணெய் கலந்த மண்ணில் நீர் எவ்வாறு நகர்கிறது: மண்ணின் இயல்புகளை அறிந்து அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நிலத்தில் எண்ணெய் கொட்டிவிட்டால், ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் எண்ணெய் இருக்கிறது என்பதையே எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஆய்வகம் ஓர் அளவைத் தருகிறது. அந்த அளவு குறையக் குறைய நிலம் தேறிவருவதாகக் கருதப்படுகிறது. மழைநீரோ அந்த அளவின்படி நடந்துகொள்வதில்லை. எண்ணெய் மிகுதியாக இருந்தும் நீரை ஓரளவு உள்வாங்கும் மண் உண்டு. எண்ணெயின் பெரும்பகுதி மறைந்த பிறகும் ஒரு துளி நீரைக்கூட ஏற்காத மண்ணும் உண்டு. எனவே எண்ணெயின் அளவையும் நீரின் போக்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. அளக்கும் முறைகளுக்கு முன், மண்ணுக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது. அது விளங்காமல் செய்யும் சோதனைகள் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

எண்ணெய் செய்யும் இரண்டு வேலைகள்

எண்ணெய் மண்ணின் துளைகளில் இடம்பிடித்து நீரின் பாதையைக் குறுக்குகிறது. இது முதல் வேலை. துகள்களின் பரப்பில் படிந்து, நீருக்கும் துகளுக்கும் இடையே இருந்த ஈர்ப்பையே மாற்றிவிடுகிறது. இது இரண்டாவது வேலை. முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கிலும் அடங்குகிறது. நீண்டகாலத் தொல்லை தருவது இரண்டாவதுதான்.

முதலாவதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் மணற்பாங்கான மண்ணில் 40 விழுக்காடு துளைவெளி என்று கொண்டால், அதில் 400 லிட்டர் இடம் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை எண்ணெய் பிடித்துக்கொண்டால் அது 40 லிட்டர், அதாவது ஏறத்தாழ 34 கிலோ. அந்த மண்ணின் உலர் எடை 1,600 கிலோ அளவில் இருக்கும் என்பதால், எண்ணெயின் பங்கு எடையில் சுமார் 2 விழுக்காடு; ஆய்வக அறிக்கையில் இது கிலோவுக்கு 21,000 மில்லிகிராம் என்று வரும். எண் பெரிதாகத் தெரிந்தாலும் துளைவெளியில் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் எண்ணெய் இல்லாமலேயே இருக்கிறது. ஆயினும் நீரோட்டம் அதே விகிதத்தில் குறைவதில்லை. நீருக்குக் கிடைக்கும் துளைவெளியின் பங்கை மூன்றாம் அல்லது நான்காம் படிக்கு உயர்த்தினால் கிடைக்கும் அளவிலேயே கடத்துத்திறன், அதாவது மண் தன் வழியே நீரை ஓடவிடும் திறன், தோராயமாக மாறுகிறது. துளைவெளியில் 20 விழுக்காட்டை எண்ணெய் பிடித்தால், மீதி 80 விழுக்காட்டில் ஓடும் நீர் முன்பிருந்ததில் பாதியோ அதற்கும் குறைவோதான்.

இரண்டாவது வேலையை விளங்கிக்கொள்ள, மெல்லிய குழாயில் நீர் தானாகவே மேலேறும் நுண்புழை ஏற்றத்தை நினைவுகூர வேண்டும். நீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரி செல்சியசில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். துகளின் பரப்பு தூய்மையாக இருந்தால் நீர் அதன்மேல் படர்ந்துவிடும். நீர்த்துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணமான தொடுகோணம் அப்போது ஏறத்தாழச் சுழியம். அந்நிலையில் 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் தானாகவே சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் ஏறும். அதே துளையின் சுவரில் எண்ணெயின் கனமான கூறுகள் படிந்து, தொடுகோணம் 110 டிகிரி ஆகிவிட்டதாகக் கொள்வோம். இப்போது துளை நீரை இழுக்காமல் தள்ளுகிறது. நீர் உள்ளே நுழைய வேண்டுமானால் மேலே சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கி அழுத்த வேண்டும். துளையின் அளவும் வடிவமும் மாறவில்லை, அடைப்பு ஏதும் இல்லை. ஆனாலும் சாதாரண மழை அதற்குள் இறங்காது. உழுது இளக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி ஏமாறுபவர்கள் தவறவிடும் இடம் இதுவே.

இந்தப் படிவு எப்போது உண்டாகும் என்பது, எண்ணெய் கொட்டிய வேளையில் மண் ஈரமாக இருந்ததா உலர்ந்திருந்ததா என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஈரமண்ணில் ஒவ்வொரு துகளையும் மெல்லிய நீர்ப்படலம் போர்த்தியிருக்கும். எண்ணெய் துளைகளின் நடுவில் தங்குமே தவிரத் துகளை நேரடியாகத் தொடாது. உலர்ந்த மண்ணில் அந்தக் காப்பு இல்லை. கச்சா எண்ணெயில் உள்ள அஸ்பால்டீன் போன்ற கனமான மூலக்கூறுகள் கனிமப் பரப்பில் நேராக ஒட்டிக்கொள்கின்றன. ஈரமாக இருந்த மண்ணும் பின்னர் ஒரு நீண்ட கோடையில் காய்ந்தால், நீர்ப்படலம் அகன்று இதே நிலைக்கு வரக்கூடும்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் பழைய கச்சா எண்ணெய்க் கசிவு இடங்களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. கசிவு நடந்து பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் கழித்து, மண் கடுமையாக நீரை விலக்கத் தொடங்கியது. மண்திரள்கள் உடைந்து மேல்மண் பொடியாகிப் போயிருந்தது; பயிர் எதுவும் நிலைக்கவில்லை. வழக்கமான அளவீட்டில் அங்கே எஞ்சியிருந்த எண்ணெய் குறைவுதான். துகளின்மேல் மெல்லிய பூச்சாக நிற்க மிகச் சிறிதளவு கரிமப் பொருளே போதுமானதாக இருந்தது.

படி 1: எண்ணெயின் வகையும் வரலாறும்

பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், பழைய மசகு எண்ணெய் ஆகியவற்றை ஒன்றாகக் கருதக் கூடாது. ஒரு திரவம் மண்ணில் நகரும் வேகம் அதன் அடர்த்திக்கு நேர்விகிதத்திலும் பாகுநிலைக்கு (ஓடாமல் தடுக்கும் கெட்டித்தன்மைக்கு) எதிர்விகிதத்திலும் அமையும். பெட்ரோலின் பாகுநிலை நீருடையதில் பாதி அளவே என்பதால், ஒரே மண்ணில் அது நீரைவிடச் சற்று வேகமாகவே இறங்கும். டீசல் நீரின் வேகத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கில் நகரும். கனமான எண்ணெய் மேலேயே தங்கி, வெயிலில் இறுகி ஓடாகிவிடும். 1991இல் குவைத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது எண்ணெய்த் துளிகளும் கரிப்புகையும் மணலோடு சேர்ந்து தார்க்காரைபோல் இறுகி, பரந்த பாலைநிலத்தை மூடியது இதன் பேரளவிலான எடுத்துக்காட்டு.

எந்த எண்ணெய், எவ்வளவு, எப்போது, மண் எந்த ஈரத்தில் இருந்தபோது, அதன்பின் தீப்பிடித்ததா, நிலத்தடி நீர் எத்தனை ஆழத்தில் என்னும் ஆறு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். தீயைப் பற்றிய கேள்வியை விட்டுவிடக் கூடாது. வெப்பத்தில் ஆவியான கரிமப் பொருள் கீழே குளிர்ந்த துகள்களில் படிந்து, மேற்பரப்புக்குக் கீழே ஒரு நீர் விலக்கும் அடுக்கை உண்டாக்கிவிடும்.

படி 2: மாதிரி எடுத்தல்

பாதிக்கப்பட்ட மண்ணுக்கு எத்தனை மாதிரி எடுக்கிறோமோ, அருகில் பாதிக்கப்படாத அதே வகை மண்ணுக்கும் ஒப்பிடத்தக்க எண்ணிக்கையில் எடுக்க வேண்டும். ஒப்பீட்டு மாதிரி இல்லாத அளவீடு, நீர் இறங்காதது எண்ணெயாலா அல்லது அந்த மண்ணே அப்படித்தானா என்பதைச் சொல்லாது. முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தை ஒரே மாதிரியாகக் கலந்துவிடாமல், 5 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பிரிப்பது நல்லது. நீர் விலக்கும் அடுக்கு சில சமயம் இரண்டு விரல் தடிமன்தான் இருக்கும்.

கடத்துத்திறனுக்கு உரிய மாதிரிகளை உலோக வளையத்தில் குலையாமல் எடுக்க வேண்டும். ஆவியாகும் எண்ணெய் இருக்கக்கூடிய இடத்தில் கையுறை, காற்றோட்டம் ஆகியவை கட்டாயம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் மண்ணை முகர்ந்து பார்த்துக் கண்டறியும் பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. தீப்பொறிக்கு இடமே இருக்கக் கூடாது.

படி 3: வழக்கமான சோதனைகள் எங்கே தவறுகின்றன

எண்ணெய் கலந்த மண்ணுக்கு வழக்கமான மண் பரிசோதனை முறைகளை அப்படியே பயன்படுத்துவதால் வரும் பிழைகளை நான் அதிகம் வலியுறுத்துவேன். இவற்றை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

ஈரப்பதம் காண மண்ணை 105 டிகிரியில் அடுப்பில் உலர்த்தி எடை இழப்பைக் கணக்கிடுகிறோம். எண்ணெயின் இலேசான கூறுகளும் அதே வெப்பத்தில் ஆவியாவதால், போன எண்ணெயும் நீராகவே கணக்கில் ஏறும். மண் உண்மையில் வறண்டிருக்க, அறிக்கை அதை ஈரமானது என்று காட்டும். ஆவியாகும் எரிபொருள் உள்ள மண்ணைச் சாதாரண அடுப்பில் வைப்பது ஆபத்தானதும்கூட. இதற்கு மாறாக, மின்காப்பு மாறிலியை (மின்புலத்தில் ஒரு பொருள் எந்த அளவுக்கு மின்முனைவு கொள்கிறது என்பதைக் காட்டும் எண்ணை) அளக்கும் கருவி பெரும்பாலும் நீரை மட்டுமே உணர்கிறது. நீரின் மாறிலி 80 அளவிலும் எண்ணெயினுடையது 2 அளவிலும் இருப்பதே காரணம். இரண்டு முறைகளிலும் அளந்து வேறுபாட்டைப் பார்த்தால், அந்த வேறுபாடே ஒரு தகவல்.

டைகுரோமேட் கொண்டு கரிமக் கார்பன் காணும் முறையில் பெட்ரோலியத்தின் ஒரு பகுதியும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதனால் பாழான மண் மக்கு நிறைந்த வளமான மண்ணைப்போல் காகிதத்தில் தோன்றும். துகள் அளவு காணும் நீரடர்த்திமானி முறையிலும் எண்ணெய் ஒட்டிய களித்துகள்கள் பிரியாமல் திரண்டே நிற்பதால், களிமண் வண்டலாகவோ மணலாகவோ பதிவாகும். மண்ணின் இழைமத்தை (மணல், வண்டல், களி ஆகியவற்றின் பங்கை) ஒப்பீட்டு மாதிரியிலிருந்து அறிவதே பாதுகாப்பானது.

படி 4: துளிச் சோதனை

செலவே இல்லாத, ஆனால் நிறையச் சொல்லும் சோதனை இது. மண்ணைச் சமமாகப் பரப்பி, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து காய்ச்சி வடித்த நீரின் துளிகளை மென்மையாக இட்டு, ஒவ்வொரு துளியும் முழுமையாக உள்ளே போக ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். குறைந்தது பத்துத் துளிகள் இட்டு நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 5 நொடிக்குள் மறைந்தால் மண் நன்றாக நனைகிறது. 5 முதல் 60 நொடி வரை இலேசான நீர் விலக்கம். 60 முதல் 600 வரை வலுவானது. 600 முதல் 3,600 வரை கடுமையானது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் துளி உருண்டையாகவே நின்றால் அதி கடுமையானது.

இந்தச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும்: ஒன்று மண் வயலில் இருந்த ஈரத்திலேயே, மற்றொன்று நிழலில் காற்றில் உலர்த்திய பிறகு. நீர் விலக்கும் மண்ணுக்கு ஓர் ஈர எல்லை உண்டு. அதற்கு மேல் ஈரம் இருக்கும் வரை மண் நல்லபடி நனையும், அதற்குக் கீழே காய்ந்தால் விலக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிலம் நலமாக இருக்கிறது என்று எழுதப்படும் அறிக்கைகள் இதனால்தான் அடுத்த கோடையில் பொய்த்துப்போகின்றன. அடுப்பு வெப்பம் விலக்கத்தைச் செயற்கையாகக் கூட்டிவிடக்கூடும் என்பதால் உலர்த்துவதற்கு நிழலே போதும்.

மணிக்கணக்கில் துளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத இடத்தில் எத்தனால் கரைசலைப் பயன்படுத்தலாம். லிட்டருக்கு 0.2 மோல் இடைவெளியில் செறிவு கூடும் கரைசல்களைத் தயாரித்து, எந்தச் செறிவில் துளி 10 நொடிக்குள் உள்ளே போகிறதோ அதைக் குறிக்க வேண்டும். 2.2 மோலுக்கு மேல் தேவைப்பட்டால் நீர் விலக்கம் கடுமையானது. புதிய எண்ணெய் நிறைந்த மண்ணில் எத்தனால் எண்ணெயையே கரைக்கக்கூடும் என்பதால், இது பழைய கசிவுகளுக்கே பொருத்தமானது.

படி 5: வயலில் நீர் ஊடுருவல்

30 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வளையங்களை ஒன்றினுள் ஒன்றாக மண்ணில் பதித்து, இரண்டிலும் நீர் நிரப்பி, உள்வளையத்தில் நீர் இறங்கும் வேகத்தை அளப்பது வழக்கம். வெளிவளைய நீர் பக்கவாட்டுக் கசிவைக் குறைக்கிறது. இங்கே இறுதி வேகத்தைவிட, வேகம் காலத்தோடு மாறும் விதத்தையே கூர்ந்து பார்க்க வேண்டும்.

நன்றாக நனையும் மண்ணில் நீர் தொடக்கத்தில் வேகமாக இறங்கி, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து ஒரு நிலைக்கு வரும். நீர் விலக்கும் மண்ணில் இது தலைகீழாக நடக்கும்: தொடக்கத்தில் ஏறக்குறைய எதுவும் இறங்காது, நேரம் ஆக ஆக வேகம் கூடும். எண்ணெய் துளைகளை அடைத்திருப்பது மட்டுமே சிக்கல் என்றால், வேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்த வளைவின் வடிவம் வழக்கம்போலவே இருந்து மட்டம் மட்டும் தாழ்ந்திருக்கும். ஆகவே ஒரே சோதனையின் வளைவிலிருந்து முதலில் சொன்ன இரண்டு வேலைகளில் எது மேலோங்கியிருக்கிறது என்பதைப் பிரித்தறிய முடிகிறது. வளையத்தில் 10 சென்டிமீட்டர் நீரைத் தேக்கினால் அந்த அழுத்தமே நீரை உள்ளே தள்ளிவிடும் என்பதால், தேக்கத்தை 1 அல்லது 2 சென்டிமீட்டருக்குள் வைத்தால்தான் மழைக்கு நெருக்கமான விடை கிடைக்கும்.

சோதனை முடிந்ததும் வளையத்தின் அடியில் மண்ணைச் செங்குத்தாக வெட்டிப் பார்க்க வேண்டும். உணவுச் சாயம் கலந்த நீராக இருந்தால் இன்னும் நல்லது. நீர் சீரான முகப்பாக இறங்காமல், விரல்களைப்போல் சில இடங்களில் மட்டும் ஆழமாக ஓடி, இடையில் உள்ள மண் தூசியாகவே இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். இதன் விளைவு இருமுகமானது. வேர்களுக்கு நீர் கிடைப்பதில்லை. அதே சமயம் கரைந்த மாசு, மண்ணில் தங்கிச் சிதைய நேரமின்றி, அந்த விரல்கள் வழியே நிலத்தடி நீரை விரைந்து எட்டிவிடுகிறது. இறங்க இயலாத மீதி நீர் சரிவில் ஓடி, திரள் குலைந்த மேல்மண்ணையும் அதில் ஒட்டிய எண்ணெயையும் அரித்துக்கொண்டு போகிறது.

படி 6: ஆய்வகக் கடத்துத்திறனும் களிமண்ணின் விந்தையும்

மண்ணின் வழியே ஓடும் நீரின் வேகம் நீர்மட்டச் சரிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று 1856இல் ஹென்றி டார்சி வெளியிட்ட விதியே இன்றும் இங்கே அடிப்படை. மணலுக்கு மேலே நீர்மட்டத்தை மாறாமல் வைத்து அளக்கும் நிலையான நீர்மட்ட முறையும், களிமண்ணுக்கு நீர்மட்டம் இறங்கும் வேகத்தை அளக்கும் இறங்கும் நீர்மட்ட முறையும் பொருந்தும். மாதிரியை அடியிலிருந்து மெல்ல நனைக்க வேண்டும். சிக்கிய காற்று எண்ணெயைப்போலவே வழியை மறிக்கும். வெளியேறும் நீரில் எண்ணெய் வருகிறதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் சோதனையே மாதிரியை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

மணலில் எண்ணெய் கூடினால் கடத்துத்திறன் குறைகிறது, இதில் வியப்பில்லை. களிமண்ணில் நேர்மாறாகவும் நடக்கலாம். களித்துகள்களைச் சுற்றி நீரில் உருவாகும் மின்னேற்ற அடுக்கு, மின்காப்பு மாறிலி குறைந்த எண்ணெயில் சுருங்கிவிடுகிறது. துகள்கள் திரண்டு, மண் சுருங்கி, வெடிப்புகள் உண்டாகின்றன. களிமண் தன் பிசுபிசுப்பை இழந்து மணியாகிறது. உலர்ந்த களிமண்ணில் எண்ணெய் ஊறினால் இதை எதிர்பார்க்கலாம். நன்றாக ஈரமாக்கி இறுக்கிய களிமண்ணிலோ எண்ணெயால் நுண்துளைகளில் நுழையவே முடிவதில்லை. அது வேர்த்தடங்களையும் பழைய வெடிப்புகளையும் தேடிப் போகிறது. எண்ணெய் கலந்த களிமண்ணின் நீர்ம எல்லை (களி குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு) கூடியதாகச் சில ஆய்வுகளும் குறைந்ததாகச் சில ஆய்வுகளும் கூறுவதற்கு, களியின் கனிம வகையோடு, நீரையும் எண்ணெயையும் எந்த வரிசையில் கலந்தார்கள் என்பதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

படி 7: நிலத்தடி நீர்மட்டம் வரை

1979 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி நகருக்கு அருகே ஒரு குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் மணலும் சரளையுமான நிலத்தில் கொட்டியது. பெரும்பகுதியை அகற்றிய பிறகும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. அந்த இடம் 1983 முதல் நீண்டகால ஆய்வுக் களமாக இருந்துவருகிறது. அங்கே எண்ணெய் ஒரே சீரான தட்டாகப் பரவவில்லை. நுண்மண் இழைகள் குறுக்கிட்ட இடங்களில் தங்கியும் விலகியும் போயிருந்தது. எண்ணெயை ஒட்டிய நிலத்தடி நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிரிகள் இரும்பை ஒடுக்கியும், மீத்தேனை உருவாக்கியும் எண்ணெயை மெல்லச் சிதைத்துவந்தன.

நீரைவிட இலேசான எண்ணெய் நீர்மட்டத்தின்மேல் மிதக்கும் என்பது பாதி உண்மைதான். நீர்மட்டம் பருவந்தோறும் ஏறி இறங்கும்போது எண்ணெயும் அதனுடன் ஏறி இறங்கி, ஒரு தடித்த பட்டையாகப் பூசப்படுகிறது. அதன் ஒரு பகுதி நீருக்கடியில் துண்டு துண்டாகச் சிக்கிக்கொள்கிறது. எனவே கண்காணிப்புக் கிணற்றில் தெரியும் எண்ணெயின் தடிமனை மண்ணில் உள்ள எண்ணெயின் தடிமனாகக் கொள்ளக் கூடாது. கிணற்றில் அது பெரும்பாலும் மிகையாகவே தெரியும். நீர்மட்ட அளவையும் எண்ணெய்த் தடிமனையும் ஒரே நாளில் சேர்த்து, எல்லாப் பருவங்களிலும் அளக்க வேண்டும்.

படி 8: மீட்பைத் தேர்ந்தெடுத்தல்

படி 5இன் ஊடுருவல் வளைவு தாழ்ந்திருந்து, படி 4இன் துளி உடனே மறைந்தால், சிக்கல் துளைகளில் உள்ள எண்ணெய்தான். அதைச் சிதைப்பதே வழி. நுண்ணுயிரிகளுக்கு ஒரு கிராம் ஹைட்ரோகார்பனை முழுமையாக எரிக்கச் சுமார் 3.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும்; நனைந்து இறுகிய மண்ணில் அது கிடைக்காது என்பதால் கிளறிக் காற்றோட்டம் தருவது முதல் தேவை. எண்ணெயில் கார்பன் மிகுந்து நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாததால், நுண்ணுயிரிகள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் பிடித்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றை 100:10:1 என்னும் விகிதத்துக்கு அருகில் கொண்டுவருவது நடைமுறை. அந்த உரம் முழுவதையும் ஒரே தடவையில் இட்டால் உப்பு கூடி நுண்ணுயிரிகளே வாடும். பல தவணைகளில் இட வேண்டும்.

துளி நிற்கிறது, வளைவும் தலைகீழாக இருக்கிறது என்றால் உரத்தால் மட்டும் பயனில்லை, ஏனெனில் உரக்கரைசலும் நீர்தான். இங்கே மண்ணை, படி 4இல் சொன்ன ஈர எல்லைக்குக் கீழே காயவிடாமல் காப்பதே முதல் வேலை: மூடாக்கு இட்டு, மெல்லிய தூறலாக நீண்ட நேரம் நீர் தர வேண்டும். இயற்கையாகவே நீரை விலக்கும் ஆஸ்திரேலிய மணல் நிலங்களில் களிமண்ணைப் பரப்பிக் கலப்பது நன்கு பயன் தந்திருக்கிறது. நுண்ணிய களித்துகள்கள் மெழுகுப் படிவை மூடி, நீருக்குப் புதிய பரப்பைத் தருகின்றன. எண்ணெய்ப் படிவுள்ள மணலிலும் சிறு பரப்பில் இதை முயன்று பார்க்கலாம். சோப்புத்தன்மையுள்ள நனைப்பான்கள் உடனடிப் பலன் தந்தாலும், எண்ணெய் இன்னும் திரவமாக இருக்கும் நிலத்தில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீரோடு எண்ணெயையும் இளக்கி நிலத்தடிக்கு அனுப்பிவிடக்கூடும்.

மீட்பு தொடங்கிய பின், எண்ணெயின் அளவுக்கு மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் காற்றில் உலர்த்திய மண்ணில் துளிச் சோதனையையும் சேர்த்துச் செய்து, இரண்டு அளவுகளையும் ஒரே அட்டவணையில் அருகருகே எழுதிவர வேண்டும். எண்ணெய் குறைந்துகொண்டே வரும்போது துளியின் நேரம் கூடத் தொடங்கினால், கிளறுவதை உடனே நிறுத்தி, மண்ணின் ஈரத்தைக் காப்பதற்கு மாற வேண்டும்.